கிறிஸ்து பிறப்பு அலங்காரக் கைவேலையும் முதியோரும்: தருமபுரிச் சபைகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திருச்சபை வரலாற்றை எழுதுவோர் ஆலயம் எழும்பிய ஆண்டையும், அடிக்கல் நாட்டியவரின் பெயரையும், ஆயர்கள் வந்துபோன வரிசையையும் தவறாது குறித்து வைக்கின்றனர். அவ்வாலயத்தின் முகப்பில் டிசம்பர் மாதந்தோறும் தொங்கிய காகித விண்மீனைக் கட்டியவர் யார் என்பதை எவரும் குறிப்பதில்லை. அது சிறுபொருள், மூங்கிலும் தாளும் பசையும் சேர்ந்தது, ஜனவரியில் கிழிந்துபோவது. ஆயினும் ஒரு சபை எவ்வாறு காத்திருந்தது, அக்காத்திருப்பில் யாருக்கு என்ன பங்கு இருந்தது என்பதை அச்சிறுபொருள் சொல்லும் அளவுக்குக் கூட்டக் குறிப்பேடுகள் சொல்வதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான அலங்காரங்களைக் கையால் செய்யும் வழக்கத்தையும், அதில் முதியோர் வகித்த இடத்தையும், தருமபுரிப் பகுதிச் சபைகளை மனத்தில் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

தருமபுரி 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. பின்னர் 2004இல் கிருஷ்ணகிரி அதினின்று பிரிந்தது. ஆதலின் இப்பகுதியின் சீர்திருத்தச் சபை வரலாற்றைச் சேலத்திலிருந்தே தொடங்க வேண்டும். 1795இல் தோன்றிய இலண்டன் மிஷனெரி சங்கத்தின் சார்பில் ஹென்றி கிறிஸ்ப் என்பவர் 1827இல் சேலத்தில் பணியைத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில் அவர் மறைந்தார், பணி நின்றுவிடவில்லை. இச்சங்கத்தின் வழிவந்த சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. 1950 முதல் அவை கோயமுத்தூர்த் திருமண்டலத்தைச் சேர்ந்தவை.

இலண்டன் சங்கத்தார் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் மரபினர் என்பதை மறத்தலாகாது. அம்மரபின் வேர் பதினேழாம் நூற்றாண்டுத் தூய்மையாளர் இயக்கத்தில் உள்ளது. அவ்வியக்கத்தார் கிறிஸ்து பிறப்பு விழாவை வேதத்தில் ஆதாரமற்றது எனத் தள்ளினர். 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அவ்விழாவையே நீக்கிச் சட்டம் செய்தது. 1660இல் மன்னராட்சி திரும்பிய பின்னரே தடை அகன்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை இவ்விழாவைக் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். ஸ்காத்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறை ஆனது 1958இல்தான். இந்த மூன்று மரபுகளின் வழித்தோன்றல்களும் தென்னிந்திய ஐக்கிய சபையில் ஒன்றுகூடியவர்கள் என்பதை எண்ணிப் பார்க்கையில், நம் சபைகளின் இன்றைய டிசம்பர் மாதம் மூதாதையர் கண்டால் திகைக்கத்தக்கது என்றே கூற வேண்டும்! இங்கிலாந்திலேயே கிறிஸ்துமஸ் மரம் நடுத்தர இல்லங்களில் பரவியது, 1848இல் அரச குடும்பத்தின் மரத்தை ஒரு படப்பத்திரிகை வெளியிட்ட பின்னர்தான். எனவே சேலத்துக்கு முதலில் வந்த மறைத்தொண்டர்கள் அலங்காரக் கலையைத் தம் பெட்டிகளில் கொண்டுவந்தனர் எனக் கருதுவது பொருந்தாது.

அவ்வாறாயின் இங்கே தோரணம் எங்கிருந்து வந்தது? மணவீட்டிலிருந்தும் ஊர்த்திருவிழாவிலிருந்தும் வந்தது என்பதே நேரான விடை. வாழைமரம், மாவிலை, தென்னங்குருத்து, வாசலில் கோலம் ஆகியவை மகிழ்ச்சியுள்ள எந்த வீட்டுக்கும் தமிழர் செய்பவை. எனினும் இவை எதிர்ப்பின்றி ஆலயத்துள் நுழைந்தன என எண்ணிவிடக்கூடாது. 1820களின் இறுதியில் தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார், புதிதாக வந்த மறைத்தொண்டர்கள் தமிழ்க் கிறிஸ்தவர்மேல் சுமத்திய கொடுமைகள் எனச் சிலவற்றை எடுத்தெழுதி வழக்காடினார். வேதத் திருப்புதலை மாற்றுதல், வழிபாட்டில் தமிழிசையை நீக்குதல் என்பவற்றோடு, விழாவிலும் மணத்திலும் அடக்கத்திலும் பூக்களைத் தடுத்தலும் அவர் பட்டியலில் இடம்பெற்றது. அதே பட்டியலில் சாதி வேற்றுமையைக் காக்கும் கோரிக்கையும் இருந்தது. அதனை நாம் ஏற்கவியலாது, மறைக்கவும் கூடாது. அவர் காலத்துப் பூவும் சாதியும் ஒரே முறையீட்டில் கலந்துகிடந்தன. பூவைத் தடுத்தவர்கள் சாதியையும் எதிர்த்தார்கள். பூவைக் காத்தவர்கள் சாதியையும் காக்க முனைந்தார்கள். பண்பாட்டுத் தழுவல் பற்றி வகுப்பறையில் இலகுவாகப் பேசும் மாணவர்கள் இச்சிக்கலைச் சற்று நின்று நோக்குதல் நலம்.

இனி, விழாக்கால அலங்காரக் கைவேலை சீர்திருத்தச் சபைகளுள் எங்கே பிறந்தது என்பதைக் காண்போம். ஜெர்மனியின் இரண்டு இல்லங்கள் நம் கவனத்துக்குரியவை. ஒன்று ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிச் விஷெர்ன் 1833இல் நிறுவிய ஆதரவற்ற சிறுவர் இல்லம். கிறிஸ்து பிறப்பு நாள் எப்போது வரும் என அப்பிள்ளைகள் ஓயாது வினவினர். 1839இல் விஷெர்ன் ஒரு மரச் சக்கரத்தை எடுத்து, கிழமை நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவத்திகளும், ஆகமன ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்திகளும் பொருத்தினார். நாளுக்கொன்றாக ஏற்றப்பட்டன. நம் ஆலயங்களில் நான்கு மெழுகுவத்தியோடு விளங்கும் ஆகமன வளையத்தின் தோற்றம் இதுவே.

மற்றொன்று நீஸ்கி என்னும் ஊரில் மொரேவிய சகோதரர் நடத்திய ஆண்கள் விடுதிப்பள்ளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே வடிவியல் பாடத்தின் ஓர் அங்கமாகப் பிள்ளைகள் தாளை மடித்து ஒட்டிப் பல முனைகளுடைய விண்மீனைச் செய்யலாயினர். மொரேவியர் சிறிய கூட்டத்தினராயினும் கிரீன்லாந்து முதல் மேற்கிந்தியத் தீவுகள் வரை மறைத்தொண்டர்களை அனுப்பியவர்கள். அவர்களின் பிள்ளைகள் தாயகத்து விடுதிப்பள்ளிகளில் பெற்றோரைப் பிரிந்து வளர்ந்தனர். ஆகமனத்தின் முதல் ஞாயிறன்று விண்மீனை ஒட்டித் தொங்கவிடுவது அவ்விடுதிகளின் வழக்கமாயிற்று. அப்பள்ளியில் பயின்ற பீட்டர் வெர்பேக் என்பவர் 1880 வாக்கில் தம் புத்தகக் கடையில் விண்மீன்களை விற்கத் தொடங்கினார். அவர் மகன் காலத்தில் அது ஹெர்ன்ஹூட் நகரின் தொழிலாயிற்று. நாற்கோணக் கூம்புகள் பதினேழு, முக்கோணக் கூம்புகள் எட்டு, ஆக இருபத்தைந்து முனைகள். இருபத்தாறாவது பக்கம் தொங்கவிடுவதற்கு.

மொரேவியர் தரங்கம்பாடியில் இருந்தவர்கள் அல்லவா, அவர்கள் வழியாகத்தானே விண்மீன் நம்மிடம் வந்தது எனச் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். இது கால ஒழுங்குக்கு ஒவ்வாதது. மொரேவியர் தரங்கம்பாடிக்கு வந்தது 1760இல். தம் தோட்டத்தைக் கைவிட்டு நீங்கியது 1803இல். நீஸ்கிப் பிள்ளைகள் தாளை மடிக்கத் தொடங்கியது அதன் பின்னர். மேலும் நம் ஊர் விண்மீனின் அமைப்பே வேறு. அதன் உறவை ஜெர்மனியில் தேடுவதைவிடப் பிலிப்பைன்ஸ் தீவுகளில் தேடலாம். அங்கே ‘பரோல்’ என வழங்கும் கிறிஸ்து பிறப்பு விளக்கு, மூங்கில் சட்டத்தின்மேல் மெல்லிய தாள் ஒட்டிய ஐந்து முனை விண்மீன். எது எதற்கு மூலம் என்று நாம் வாதிட வரவில்லை. மூங்கில் விளையும் நாட்டில், பட்டம் கட்டத் தெரிந்த கைகள், ஒரே வேலையை ஒரே வகையில் செய்வதில் வியப்பில்லை.

நாம் தருமபுரிச் சிற்றூர்ச் சபைகளில் கண்ட விண்மீன் இவ்வாறு கட்டப்படுவது. முற்றிய மூங்கிலைப் பிளந்து, கணு சீவி, ஒரே நீளமுள்ள பத்துப் பிளாச்சுகளை எடுப்பர். ஐந்து பிளாச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றின்கீழ் ஒன்றாகவும் ஊடுவித்து ஐந்து முனைகளிலும் சணல் கொண்டு கட்டினால் ஒரு தட்டை விண்மீன். அதேபோல் மற்றொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளை இணைத்துக் கட்டுவர். அதன்பின் உள்ளே ஐங்கோணம் அமையும் மூலைகளில் சாண் அளவுக் குச்சிகள் ஐந்தை நெட்டுக்குத்தாகச் செருகுவர். அப்போதுதான் தட்டையாய்க் கிடந்தது வயிறு புடைத்து எழும். இந்த ஒரு நொடிக்காகவே பிள்ளைகள் சுற்றி நிற்பர். பிறகு பட்டத்தாளோ கண்ணாடித்தாளோ ஒட்டுதல். மைதா மாவைக் காய்ச்சிய பசை. பூச்சி அரிக்காதிருக்கச் சிறிது மயில்துத்தம். பின்புறம் விளக்கு வைக்க ஒரு வாய். மின்சாரம் இல்லாத நாட்களில் அதனுள் எரிந்தது அகல் அல்லது மெழுகுவத்தி. தாள் பற்றாமல் சுடரை நடுவில் நிறுத்துவது தனிக் கலை.

இவ்வேலையில் இளைஞருக்கு எளிதானது மரமேறித் தொங்கவிடுவது மட்டும். பிளாச்சின் தடிமன் எங்கும் ஒன்றாயிருக்க வேண்டும். இல்லையேல் ஒரு முனை கோணும். முனைக்கட்டு இறுகாவிட்டால் குச்சி செருகும்போது முழுவதும் அவிழும். இவற்றை அறிந்த கை முதியவர் கை. கூடை முடைந்தவர், கூரை வேய்ந்தவர், ஏர்ப்பூட்டுக்குக் கயிறு திரித்தவர் ஆகியோரின் விரல்களில் இருந்த கட்டுத்தான் விண்மீனுக்கும் வந்தது. பார்வை மங்கிய ஒரு மூதாட்டியார், மகன்வயிற்றுப் பேரன் கட்டிய முனையைத் தடவிப் பார்த்து, “இறுகலை கண்ணு, அவுத்துக் கட்டு” என்று சொன்னதை நாம் கேட்டிருக்கிறோம். அவருக்கு எழுத்துத் தெரியாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 விழுக்காடு. அறுபதைக் கடந்தோரிடையே நிலை இதனினும் தாழ்ந்தது என்பதை நம் சபைகளை அறிந்தவர் அறிவர். வேதபாட வகுப்பில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் இவர்கள், டிசம்பர் மாதத்துச் சில மாலைகளில் மட்டும் ஆசிரியர்களாக வீற்றிருந்தனர்.

அம்மாலைகளுக்கு வேறொரு பொருளும் உண்டு. தருமபுரி மழை குறைந்த நாடு. மானாவாரிக் கேழ்வரகும் சாமையும் அறுத்து முடிந்தால், பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்வது இங்குள்ள இளையோரின் நெடுநாள் வழக்கம். கட்டட வேலைக்கும் பின்னலாடை ஆலைக்கும் சென்றவர் கிறிஸ்து பிறப்புக்கு வீடு திரும்புவர், சிலர் திரும்பார். வீட்டில் எஞ்சியிருப்போர் முதியோரும் பள்ளிப் பிள்ளைகளும். நீஸ்கி விடுதியில், கடல் கடந்து சென்ற பெற்றோரை எண்ணிப் பிள்ளைகள் விண்மீன் ஒட்டினர். இங்கே, ஊர் கடந்து சென்ற பிள்ளைகளை எண்ணிப் பெற்றோர் விண்மீன் கட்டினர். வீடு திரும்புவோர் இரவுப் பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் காண்பது அதுவே. ஆகமனம் என்னும் சொல்லின் இலக்கணத்தை நாம் விரிவுரையில் விளக்குகிறோம். அதனை அவர்கள் மூங்கிலில் கட்டினர். காங்கிரிகேஷனல் மரபில் வளர்ந்த இச்சபைகளுக்குத் திருச்சபை ஆண்டின் ஒழுங்கு 1947க்குப் பின் நிலைபெற்றது என்பதையும், அவ்வொழுங்கு வருமுன்பே இவ்வாறு காத்திருக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்திருக்கும் என்பதையும் சேர்த்து நோக்குதல் தகும்.

நற்செய்தி நூலில் கிறிஸ்து பிறப்பைச் சூழ்ந்து நிற்போர் யாவர் எனக் கேட்டால், மாணவர் உடனே மேய்ப்பரையும் ஞானிகளையும் சொல்வர். லூக்காவின் முதலிரண்டு அதிகாரங்களை எண்ணிப் பார்த்தால் சகரியா, எலிசபெத்து, சிமியோன், அன்னாள் என நால்வர் முதியோர். அவர்களுள் அன்னாள் கைம்பெண். அப்போஸ்தலர் நடபடிகளின் ஒன்பதாம் அதிகாரத்தில், யோப்பா பட்டணத்துக் கைம்பெண்கள் தொற்காளின் புகழைச் சொல்லால் அன்று, அவள் தைத்த உடைகளைக் காட்டியே கூறினர். கைவேலை சாட்சியாக நின்ற இடம் அது. நாம் நடத்தும் பிறப்பு நாடகங்களில் சிமியோனுக்கும் அன்னாளுக்கும் இடமில்லை. அந்த வேடத்துக்கு ஒட்டுத்தாடி தேவையில்லாதவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தும் இல்லை.

மிஷனெரிப் பணியில் கைவேலைக்கு இடமே இல்லாதிருந்தது எனச் சொல்லவியலாது. இதே இலண்டன் சங்கத்தைச் சேர்ந்த மால்ட் அம்மையார் 1820களில் நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் பின்னல் பல பெண்களுக்குச் சோறிட்டது. வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் 1951இல் அமைத்த நவஜீவ நிலையத்தில், தொழுநோயால் மடங்கி அறுவை மருத்துவத்தால் நிமிர்ந்த கைகள் மரப் பொம்மைகள் செய்தன. நிமிர்ந்த கைக்கு வேலை இல்லையேல் அறுவை மருத்துவம் பாதியில் நின்றதாகும் என்பதை அவர் கண்டிருந்தார். இவ்விரண்டும் உயர்ந்த பணிகள். ஆயினும் இரண்டிலும் கற்பித்தவர் வெளியிலிருந்து வந்தவர், கற்றவர் உள்ளூரார். விண்மீன் கட்டும் திண்ணையிலோ கற்பித்தவர் வீட்டு முதியவர். வேறுபாடு சிறிதன்று.

இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, திருச்சபைக்கு வெளியே, நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். அரூர்ப் பகுதியில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே உள்ளது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993இல் மருத்துவர்களான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். அப்பள்ளத்தாக்கில் மலையாளி மக்களோடு லம்பாடி மக்களும் வாழ்கின்றனர். லம்பாடிப் பெண்களின் உடையில் கண்ணாடியும் சோழியும் வைத்துத் தைக்கும் பூவேலை நாடறிந்தது. ஆனால் சிட்லிங்கியில் அவ்வுடையை உடுத்துவது நின்று தலைமுறைகள் கழிந்திருந்தன. அத்தையலை அறிந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க சில மூதாட்டியரே. அவர்களிடம் இளம்பெண்கள் அமர்ந்து கற்றனர். பழைய துணிகளைப் பார்த்து மறந்த தையல்களை மீட்டனர். ‘போர்கை’ என்னும் கைவினைஞர் அமைப்பு அவ்வாறு உருவாயிற்று. அச்சொல்லுக்கு அவர்தம் மொழியில் பெருமை என்று பொருள். முதியோர் நலப்பணி என எவரும் அதற்குப் பெயரிடவில்லை. மூதாட்டியர் சிலரைத் தேடிச் சென்று, உங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்குச் சொல்லித் தாருங்கள் எனக் கேட்டனர். இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் கேட்க ஆள் இருந்திருக்க மாட்டார்.

நம் சபைகளின் நிலை யாது? கடைகளில் நெகிழி விண்மீன் கிடைக்கிறது, எல்.இ.டி. சரம் கிடைக்கிறது, வாலிபர் சங்கம் ஒரு மாலைக்குள் ஆலயத்தை ஒளிமயமாக்கிவிடுகிறது. இதனைக் குறைகூற மாட்டோம். மழையில் நனைந்து தொங்கிய தாள் விண்மீன்களின் அவலத்தையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் வேலை போனதோடு திண்ணையும் போயிற்று. அதனை ஈடுசெய்வது போல, முதியோர் இல்லங்களிலும் சபை முதியோர் கூடுகைகளிலும் இப்போது கிறிஸ்துமஸ் கைவேலை நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. நகரத்துச் சபையொன்று நடத்திய அத்தகைய நிகழ்ச்சியில், முன்னதாகவே வெட்டி வைத்த விண்மீன்களும் ஒட்டுவதற்கு மினுக்குத் தூளும் கொடுத்து, ஒட்டி முடித்தவுடன் கைதட்டினர். நாற்பது ஆண்டுகள் தறி நெய்த ஒருவர் அங்கே அமர்ந்திருந்தார். பாலர் பள்ளியின் பாடத்தை எண்பது வயதினர் கையில் கொடுப்பதற்கு அன்பு காரணமாயிருக்கலாம். மதிப்பு காரணம் என்று சொல்ல நாம் ஒருப்படோம்.

இத்தகைய கூடுகையை நடத்தப்போகும் மாணவருக்குச் சில நடைமுறைகளைச் சொல்லிவிடுவோம். பகல் வெளிச்சத்தில் நடத்துக. கண்புரை உள்ளவருக்கு அந்தியில் சிவப்பும் பழுப்பும் ஒன்றே. நடுங்கும் கைக்குச் சிறு தாள்களைக் கொடாது, பெரிய மடிப்புகளைக் கொடுக்க. நினைவு தடுமாறுவோர் உள்ள இடத்தில் பசையில் மயில்துத்தம் சேர்த்தல் ஆகாது. அது நஞ்சு, கூழ் என எண்ணி வாயில் இட்டுக்கொள்வார். மூங்கில் கிடைக்காத ஊரில் தென்னங்கீற்றும் சோளத்தட்டையும் போதும். பட்டுக்கூடு விற்பனைக்குப் பேர்போன தருமபுரியில், நூற்க உதவாத கூடுகளை வாங்கிக் கத்தரித்தால் மணிகளும் பூக்களும் ஆகும். எல்லாவற்றிற்கும் முன்னதாக, எதைச் செய்வது என்பதை நாமே தீர்மானித்துக்கொண்டு போதல் கூடாது. உங்கள் சிறு வயதில் ஆலயத்தில் என்ன தொங்கிற்று, யார் கட்டினார், தாள் எங்கே வாங்கினீர்கள், விளக்கு எப்படி நின்றது என முதல் நாள் முழுவதும் கேட்க. விடைகளை எழுதிக்கொள்க. பெயர், ஊர், கட்டும் முறை, ஆண்டு ஆகியவை சபை வரலாற்றுக்கு உரிய சான்றுகள். ஓய்வுநாள் ஊழியத்துக்கு அரூருக்கும் பென்னாகரத்துக்கும் பாலக்கோட்டுக்கும் செல்வோர் ஓர் ஆகமனக் காலத்தில் இதனைச் செய்தாலே, இறையியல் கல்லூரி நூலகத்தில் எங்கும் இல்லாத ஒரு கோப்பு உருவாகும்.

அம்மூதாட்டியாரின் ஊரில் ஜனவரி 6ஆம் நாள் விண்மீனை இறக்குவர். கிழிந்த தாளை நீரில் நனைத்து உரித்துவிட்டு, சட்டத்தை மட்டும் அடுப்புப் புகை படும் பரண்மேல் ஏற்றுவர். புகையேறிய மூங்கிலைப் புழு அரிக்காது. நாம் கண்ட சட்டம் ஒன்பது ஆண்டுகள் தொங்கியது என்றார்கள். கட்டியவர் அதற்குள் காலமாகியிருந்தார்.